மணிக்கு ஒரு நலம்

"இந்த மெசேஜ் என் உயிரை வாங்குது மேடம்," என்றார் சடகோபன்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை அது. குறைமாதக் குழந்தைகள் கிடக்கும் கண்ணாடிப் பெட்டிகளின் சூடு, காற்று எல்லாம் அங்கேதான் வரிவரியாக வந்து விழும். அந்த வரிகளை ஒரு புரோகிராம் படித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒரு தடவை சடகோபன் போனுக்கு 'எல்லாம் நலம்' என்று அனுப்பும்.

இது ஒரு குரு, சிஷ்யர் கதை. தாடியைத் தேடாதீர்கள். சிஷ்யர் சடகோபனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. கணக்குப் பிரிவிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தவர். வேலை கற்றுக்கொடுக்கும் இசக்கியம்மாளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

மேல்மாடி வார்டில், நாலாம் பெட்டியில் கிடப்பது சடகோபனின் மகள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை.

"நல்லா இருக்குன்னு எதுக்கு ஓயாம சொல்லணும்? கோளாறுன்னா மட்டும் சொன்னா போதாதா?"

"உங்க இஷ்டம் அண்ணாச்சி. மாத்திப் பாருங்க."

மாற்றினார்.

போன் அடங்கியது.

மறுநாள் மத்தியானம் மழை. ஏசி முனகிக்கொண்டிருந்தது. மெஷின்களின் பச்சை விளக்குகள் மினுக்கின. சடகோபன் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதந்தார். காலையில் அவரே மெஷினை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட்டிருந்தார். அதற்கப்புறமும் ஒரு சத்தமில்லை. அடடா, என்ன நிம்மதி!

"பிள்ளையைப் பாத்துட்டு வருவமா?" என்றாள் இசக்கியம்மாள்.

வார்டு முழுக்க நீல வெளிச்சம். தண்ணிக்கு அடியில் நடப்பது மாதிரி இருந்தது.

நாலாம் பெட்டியில் குழந்தை அசையாமல் கிடந்தாள்.

சடகோபன் கையைக் கழுவினார். பெட்டியின் துவாரம் வழியாகக் கையை விட்டு, அந்தச் சின்ன மூக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

"என்ன அண்ணாச்சி பண்ணுதீய? அழக்கூட இல்ல. பேசாமத்தான கிடக்கா?"

"பேசாம கிடக்காளேன்னுதான் பயமா இருக்கு மேடம்."

விரலில் இளஞ்சூடாய் மூச்சு பட்டது.

இசக்கியம்மாள் அவருடைய சட்டைப் பையையே பார்த்தாள். அதில் போன் இருந்தது. அதுவும் பேசாமல்தான் கிடந்தது.

சடகோபனுக்கு முகம் வெளிறியது. படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்.

நினைத்தது சரிதான். அணைத்துத் திரும்பப் போட்டதில் மற்றதெல்லாம் தானாக எழுந்திருந்தது. வரிகளைப் படிக்கும் புரோகிராமை மட்டும் கையால்தான் எழுப்பிவிட வேண்டும். மனுஷர் அதை மறந்தே போயிருந்தார். காலையிலிருந்து பெட்டிகள் சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை.

காலையிலிருந்து விழுந்து கிடந்த வரிகளை உட்கார்ந்து படித்தார். ஒரு வரி விடவில்லை. நாலாம் பெட்டியின் வரி வரும்போதெல்லாம் இரண்டு தடவை படித்தார்.

ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார்.

பிறகு புரோகிராமை எழுப்பினார். பழையபடி மாற்றியும் வைத்தார்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் போன் சிணுங்கியது.

எல்லாம் நலம்.

"தொந்தரவா இருக்கும்லா அண்ணாச்சி?"

சடகோபன் டீயைக் கீழே வைத்தார். போன்மேல் மெள்ள ஒரு விரலை வைத்தார்.

"மூச்சு விடுது மேடம்."