சாம்பார் வாளியும் பயர் டோரும்

கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டு வாசல்ல நின்னு கொம்பையா கத்துன கத்துல, மேடையில இருந்த நாயனக்காரரே ஊதுறத நிறுத்திட்டு எட்டிப் பாத்தாரு.

"எவம்லே இந்தக் கதவுக்குக் குழவிக்கல்ல முட்டுக் குடுத்தது?"

அது லேசுப்பட்ட கதவா? பயர் டோரு. அடுப்படியில தீப்பிடிச்சா, சாப்பிடுற சனம் வெளிய ஓடுற வரைக்கும் தீயையும் புகையையும் அந்தப் பக்கமே மடக்கி வைக்குற கதவு. தொறந்து விட்டா தானா வந்து மூடிக்கணும். அதுக்குப் போயி கல்லு! போன தடவ சோதிக்க வந்தப்பவும் கல்லு. அதுக்கு முந்தியும் கல்லு.

கொம்பையா பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கிட்டு வந்த மனுசன். மண்டபம் மண்டபமாப் போயி தீப் பாதுகாப்பு சோதிக்குற இந்த வேலைய பெர்பெத்து மேடம்கிட்ட கத்துக்கிட்டு வர்றாரு. குருவுக்கு சிஷ்யன விட வயசு கம்மி. இவரு மேடம்பாரு, அவங்க அண்ணேம்பாங்க.

பந்தி பரிமாறுற பால்வண்ணன் சாம்பார் வாளியோட நின்னான். "கை சும்மா இல்ல சார்..."

"கை சும்மா இல்ல சாஆர்!" கொம்பையா அவன மாதிரியே இழுத்துக் காட்டுனாரு. "தீ வந்தா அதுகிட்டயும் இப்படியே சொல்லு. 'செத்த பொறு தீயே, கை சும்மா இல்லை'ன்னு! மேடம், இவனுவளுக்கு உசுரோட அரும தெரியாது. சமையக்கட்டப் பூட்டிருவோம்."

பால்வண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. சனமெல்லாம் இலை முன்னால உக்காந்தாச்சு. பந்தி நின்னா, இந்த ஊர்ல எவனும் அவன வேலைக்குக் கூப்பிட மாட்டான்.

"எத்தன தடவ சொன்னாலும் ஏன் மேடம் இவனுவ கல்ல வைக்கானுவ?"

மேடம் கல்ல உருட்டித் தள்ளுனாங்க. கதவு மெல்ல வந்து டொப்புனு மூடிக்கிச்சு. பால்வண்ணன் கையில இருந்த வாளிய வாங்கி, கொம்பையா கையில குடுத்தாங்க.

"ஒரு பந்தி நீங்க பரிமாறுங்கண்ணே."

"நானா? நான் கதவு பாக்க வந்தவன் மேடம்!"

"கதவு வழியாத்தான போவணும். போங்க."

ஒரு கையில சாம்பார் வாளி, ஒரு கையில சோத்துத் தாம்பாளம். போகும்போது முதுகால தள்ளிட்டுப் போயிட்டாரு. திரும்பி வரும்போதுல்ல தெரிஞ்சுது! கதவ இழுக்கணும். எந்தக் கையால இழுக்க? முழங்கைய விட்டு நெம்புனாரு. உள்ள நுழையுறதுக்குள்ள கதவு வந்து முதுகுல ஒண்ணு வச்சுது. சாம்பாரு கால்ல.

"ஆத்தே!"

அங்க பந்தியில ஒரு பெரியம்மா, "ஏய் சாம்பாரு! எங்கய்யா போன சாம்பாரு?"ன்னு ஏலம் போடுது. பட்டாளத்துல ஹவில்தாரு, இங்க வெறும் சாம்பாரு.

அடுத்த நடையில காலு தானாப் போயி கல்ல உருட்டி கதவுக்கு முட்டுக் குடுத்துச்சு. கதவு தொறந்தே நின்னுது. அதுக்கப்புறம் கொம்பையா பறந்தாருல்ல! அந்தப் பெரியம்மாவே "நல்லா இருப்பய்யா"ன்னுட்டாங்க.

வேர்வையத் தொடச்சுக்கிட்டு வந்தா, மேடம் கதவுகிட்ட நிக்காங்க.

"இந்தக் கல்ல யாருண்ணே வச்சது?"

பால்வண்ணனுக்கு எங்கிருந்தோ இருமல் வந்துட்டு.

கொம்பையா பொங்கிட்டாரு. "அதுக்காக, சனம் வெந்து சாவட்டும்னு விட்டுருவமா மேடம்?"

"விட முடியாது." மேடம் கல்ல மறுபடி தள்ளி விட்டாங்க. "கல்லுக்குப் பதிலா காந்தம் இருக்குண்ணே. கதவப் பிடிச்சுக்கிட்டே நிக்கும். புகை மணி அடிச்ச உடனே விட்டுரும். வர்றப்பல்லாம் மண்டபத்து முதலாளிகிட்ட கேக்கேன்."

சொல்லி வாய் மூடல, லிங்கம் முதலாளி பட்டு வேட்டி சரசரக்க வந்துட்டாரு.

"என்ன மேடம், திரும்பவும் காந்தமா? வீண் செலவு! வாசல்ல பளிங்கு யானை நிறுத்தியிருக்கேன், பாத்தியளா? வந்தவங்க எல்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுக்காங்க. காந்தத்த எவன் போட்டோ எடுப்பான்? இந்தப் பயலுவளுக்குத் திமிரு மேடம். கதவ மூடி மூடி நடந்தா என்ன, கையி தேஞ்சா போயிரும்?"

கொம்பையாவுக்கு முதுகு இன்னும் வலிச்சுது. கால் எரிஞ்சுது. கழுத்து நரம்பு புடைக்க வாயத் தொறந்தாரு.

மேடம் அவரு தோளத் தொட்டாங்க.

"கத்தாதீங்கண்ணே. அடுத்த பந்தி உக்காந்தாச்சு. வாளிய முதலாளி கையில குடுங்க."