பதினாறும் கொசுறும்

"காத்துக் குழாயை எப்பதான் என் கையில குடுப்பீங்க, மேஸ்திரியம்மா?"

இப்படிக் கேட்ட அய்யாக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தேழு. கேட்கப்பட்ட ஜெயக்கொடிக்கு முப்பத்து நான்கு.

சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் ஜெயக்கொடியின் டயர் கடை இருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டிய அய்யாக்கண்ணு, கிளட்ச் மிதித்தே முழங்கால் தேய்ந்த பிறகு, அந்தக் கடைக்கு வந்து, தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்று கைகூப்பி நின்றவர்.

எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. டயரைக் கழற்றக் கற்றார். டியூபில் ஓட்டை தேடக் கற்றார். துரு சுரண்டக் கற்றார்.

காற்றுக் குழாய் மட்டும் சுவரில் ஆணியிலேயே தொங்கியது. அதை எடுக்கும் கை ஜெயக்கொடியின் கை ஒன்றுதான்.

சாலையில் போகிற ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து, அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதா, அண்ணனுக்கு எத்தனையாவது ரேங்க் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் சிரித்து வைப்பார். வீட்டுக்குப் போன பிறகு சோறு இறங்காது.

அன்றும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிய ஜெயக்கொடி, துருவேறிய ரிம் ஒன்றை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

அவர் அதைப் பிடித்து, உட்கார்ந்து, சுரண்டத் தொடங்கினார்.

மதியம் இரண்டு மணிக்கு டிராக்டர்க்காரன் கோதண்டம் வந்தான். டிராக்டர் முன்னால் வந்தது. பின்னால் வந்த டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கரும்பு கழுத்துவரை நிறைந்திருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் டயர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கிழிந்த நார்கள்தாம் தொங்கின.

இந்தப் பருவத்தின் முதல் லோடு அது. ஆலை வாசலில் நான்கு மணிவரைதான் வண்டியை உள்ளே விடுவார்கள். தவறினால் கரும்பு வெயிலில் காயும், சாறு வற்றும். இவ்வளவையும் அவன் இறங்குவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டான்.

ஜெயக்கொடி ஒரு பேருந்தின் அடியில் படுத்திருந்தார். குரல் மட்டும் வெளியே வந்தது.

"அண்ணே, நீங்களே பாருங்க. காத்தும் நீங்களே புடிங்க."

அய்யாக்கண்ணுவுக்குக் காது அடைத்தது. நெஞ்சு, மேடேறும் லாரியைப்போல் இரைந்தது.

ஜாக்கியை வைத்தார். நட்டுகளைக் கழற்றினார். சக்கரத்தைத் தரையில் கிடத்தினார். கிழிந்த டயரில் எண் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் அவர் கலங்கவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினார், அந்தச் சக்கரத்து டயரைத் துடைத்துப் படித்தார். வரிசையின் கடைசி எண், அதாவது ரிம்மின் அளவு, பதினாறு என்றது.

ஆனால் அவர் கவனமான மனிதர். ஒரு சாட்சி போதாது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, டேப்பை எடுத்துவந்து, ரிம்மின் குறுக்கே விளிம்புக்கு விளிம்பு இழுத்துப் பிடித்தார்.

பதினாறு அங்குலம். அதற்கு மேலும் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தைக் கொசுறாக விட்டுவிட்டார்.

இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன என்றால் இனி என்ன தயக்கம்? பதினாறு எண்ணிட்ட டயரை உருட்டிவந்தார். ஒரு பக்கத்தை ஏற்றினார். டியூபைச் செருகினார். மறுபக்கத்தை ஏற்ற இரும்பு லீவரைத் தேடினார்.

லீவரே தேவைப்படவில்லை. முழங்காலால் ஓர் அழுத்து. டயர் தானாக இறங்கிக்கொண்டது.

"இருபத்தாறு வருஷம் சும்மாவா ஓட்டுனீங்க?" என்றான் கோதண்டம். "நீங்க தொட்டாலே கேக்குதே!"

அய்யாக்கண்ணு தலைநிமிர்ந்து நடந்தார். ஆணியிலிருந்து குழாயை எடுத்தார். எட்டு மாதமாய்ப் பார்த்த பொருள், கையில் எடுத்தால் இவ்வளவு கனமா என்று வியந்தார். வால்வில் பொருத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

காற்று வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஜெயக்கொடி கம்ப்ரசர் அருகில் நின்றிருந்தார். குழாயின் திருகை அவர் அடைத்திருந்தார்.

மெல்ல நடந்துவந்தார். அய்யாக்கண்ணுவின் தோளிலிருந்த துண்டை எடுத்தார். அவருடைய நெற்றியில் ஒற்றினார். ஒற்றிய இடத்தை அவருக்கே காட்டினார்.

துண்டு உலர்ந்திருந்தது.

"வேர்க்கலையே, அண்ணே."

கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. மணி மூன்றாகப்போகிறது, இந்த நேரத்தில் வேர்வையைப் பற்றி என்ன ஆராய்ச்சி? டயர் கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் என்ன, காற்றை ஏற்றினால் இறுகிவிடாதா என்று படபடத்தான்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தளர்ந்து கிடக்கும் டயரில் காற்று ஏறினால் அது இறுகுவதில்லை. விளிம்பைத் தாண்டித் துள்ளும். சத்தம் காதுக்கு எட்டுவதற்குள் இரும்பும் ரப்பரும் முகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அய்யாக்கண்ணு தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்.

"பதினாறுதான், மேஸ்திரியம்மா. அந்தச் சக்கரத்துல படிச்சேன். இந்தச் சக்கரத்துல அளந்தேன்."

"எங்க அளந்தீங்க?"

"இதோ, இங்க. விளிம்புக்கு விளிம்பு."

ஜெயக்கொடி கடை வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல நீங்க கைப்புடி மேலயா உக்காருவீங்க?"

கோதண்டம் சிரித்துவிட்டான். அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார். ரிம்மைப் பார்த்தார். நாற்காலியை மறுபடியும் பார்த்தார்.

பிறகு பாய்ந்தார்.

ஏற்றிய டயரைக் கணப்பொழுதில் இறக்கினார். ரிம்மின் விளிம்பைத் தாண்டி உள்ளே விரலை விட்டார். அங்கே படிபோல் ஓர் இடம் இருந்தது. டயரின் ஓரம் அமர்கிற இடம். துரு சுரண்டிய எட்டு மாதமும் அவர் விரல் ஓடிய இடந்தான் அது. அந்த இடத்திலிருந்து எதிரிலிருந்த அதே இடத்துக்கு டேப்பைப் பிடித்தார்.

பதினைந்து.

கூடவும் இல்லை; குறையவும் இல்லை.

அவர் கோதண்டத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கே அவன் உண்மையைக் கக்கினான். போன மழையில் பழைய ரிம் விரிசல் விட்டதாம். பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்தானாம்.

"நட்டு ஓட்டை அஞ்சும் ஒத்துப்போச்சு. மாட்டிட்டேன்."

"அப்ப போட்டிருந்த டயரு?"

"அது அந்த ரிம்மோடயே வந்துச்சுண்ணே."

அய்யாக்கண்ணு கிழிந்த நார்களை ஒருமுறை பார்த்தார். எண் இல்லாத அந்தப் பாவப்பட்ட டயர்தான் சரியான டயர். அது உட்கார்ந்திருந்த இடத்தைக் கேட்காமல் எதிர்வீட்டைப் போய்க் கேட்டிருக்கிறார்.

பதினைந்து எண்ணிட்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எதிர்ச் சக்கரத்தின் அருகே நிறுத்திப் பார்த்தார். உயரம் ஒத்திருந்தது, சுமை தாங்கும் அளவும் ஒத்திருந்தது. உருட்டிவந்தார்.

இந்த டயர் பணியவில்லை.

ஒரு பக்கத்தை உள்ளே தள்ளினால் மறுபக்கம் எழுந்தது. ஒரு லீவர் போதவில்லை, இரண்டாவதையும் செருகினார். முழங்காலால் மிதித்தார். வலித்தது. குதிகாலால் மிதித்தார். டயர் வழுக்கித் திமிறிற்று. திமிறத் திமிற அவருக்கு உற்சாகம் பொங்கியது. இடையே வாய்விட்டுச் சிரித்தார். வேர்வை புருவத்தைத் தாண்டி, மூக்கு நுனியில் நின்று, ரிம்மின்மேல் சொட்டியது.

கடைசிச் சாண் ரப்பர் முனகிக்கொண்டே உள்ளே போயிற்று.

மணி மூன்றே கால். ஆலை பத்து நிமிடத் தொலைவு.

அய்யாக்கண்ணு கோதண்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். தாமும் டயருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கினார். குழாயை வால்வில் பொருத்தினார். கம்ப்ரசர் பக்கம் திரும்பினார். திருகு திறந்திருந்தது. ஆள் இல்லை.

பேருந்தின் அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"மேஸ்திரியம்மா, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்."

ஸ்பானர் சத்தம் நின்றது.

"நான் பாத்தா, காத்து புடிச்சது நானாயிடும்."

ஸ்பானர் சத்தம் மீண்டும் தொடங்கியது.

அய்யாக்கண்ணு அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு ஏறியது. டயரின் ஓரம் படியில் அமர்ந்து, உள்ளே ‘டொப்’ என்றது. சற்று நேரத்தில் மறுபக்கமும் ‘டொப்’ என்றது.

சக்கரம் இன்னும் தரையில்தான் கிடந்தது. கோதண்டம் அதற்குள் டிராக்டரில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டான்.