இசக்கி மடித்த குடை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்லுற கதை இல்லை இது.

செம்மணல் தேரிக் காடு. ஆடு மேய்க்கிறவன்கூட ஒதுங்காத இடம். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பேர் ஆளுயர ராக்கெட் விடுவார்கள். பிழைப்புக்கு இல்லை, ஆசைக்கு.

அவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் ஹெப்சிபா. சின்ன வயசுதான்.

அவளிடம் படிக்க வந்தவள் சண்முகவடிவு. பூ கட்டி விற்கிறவள். டீச்சரைப் பெற்றவள் வயசு இருக்கும்.

அவள் மகன் இசக்கி ஒரு ராக்கெட் செய்து முடித்திருந்தான். வருகிற ஞாயிறு விடுவதாக இருந்தான். காய்ச்சல் அவனை ஞாயிறு வரை விட்டுவைக்கவில்லை.

அதை நானே விடுறேன் என்று வந்து நின்றாள். மாசக்கணக்கில் எல்லாம் படித்தாள். கயிறு முடியவும் படித்தாள்.

“என்னக்கா, மல்லிகைச் சரம் மாதிரி கட்டுறீங்க? உச்சியில மருந்து வெடிச்சுக் குடையை வெளிய தள்ளும். அந்த இழுப்புக்கு இது தாங்குமா?”

“இழுத்துத்தான் பாருங்களேன் டீச்சர்.”

இழுத்தாள். தாங்கியது.

குடை என்றால் பாராசூட். அது விரிந்தால் ராக்கெட் மெல்ல இறங்கும். விரியாவிட்டால் ஈட்டி மாதிரி வந்து குத்தும். கீழே ஆள் நின்றால் ஆளும் போச்சு.

விடுகிறதுக்கு முந்தின நாள். கொட்டகையில் விசிறி சுற்றியும் வேர்த்துக் கொட்டியது.

“குடையை வெளிய எடுங்கக்கா. பிரிச்சு மறுபடி மடிக்கணும்.”

சண்முகவடிவு ராக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அது மட்டும் சொல்லாதீங்க டீச்சர். அது இசக்கி மடிச்சு வச்சது.”

“தெரியும்க்கா.”

“அவன் சட்டையெல்லாம் நான் மடிச்சது. அவன் கையால மடிச்சது இது ஒண்ணுதான் மிச்சம்.”

டீச்சர் பரணில் கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

“போன வருஷம் நான் மடிச்ச குடை.”

வாசலுக்கு வந்து, பலம் கொண்ட மட்டும் மேலே வீசினாள்.

கல் மாதிரி விழுந்தது. மடித்தது மடித்தபடியே கிடந்தது.

“நீங்க சரியா மடிக்கலையோ?”

“நல்லாத்தான் மடிச்சேன். நாளாச்சுல்ல, ஒட்டிக்கிச்சு.”

சண்முகவடிவு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ நீங்களே பிரிங்க. எனக்குக் கை வராது.”

“நான் தொட மாட்டேன்க்கா.”

“நானும் பிரிக்கலைன்னா?”

“வீட்டுக்குக் கொண்டு போங்க. அப்படியே இருக்கட்டும். ஆனா மேல போகாது.”

சண்முகவடிவு உள்ளே வந்து ராக்கெட்டை மடியில் கிடத்திக்கொண்டாள்.

பிறகு அவளே குடையை உருவி மேசையில் வைத்தாள். ஒரு மடிப்பு பிரித்தாள். இன்னொன்று. குப்பென்று பவுடர் வாசம் வந்தது. துணி ஒட்டாமல் இருக்கப் பவுடர் போட்டுத்தான் மடிப்பார்கள்.

“என் டப்பாவத்தான் எடுத்திருக்கான், களவாணிப் பய! நான் வீடு பூராத் தேடினேன்.”

சிரித்தாள். அடுத்த மடிப்பில் சிரிப்பு நின்றுபோனது.

கறுப்புத் துணியில் வெள்ளையாக ஒரு கை. ஐந்து விரலும் விரிந்தபடி.

தொடப் போனாள். தொடவில்லை.

மேலேயிருந்து வந்த காற்றில் சுண்டுவிரல் நுனி லேசாகக் கலைந்தது.

டீச்சர் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.