அத்திமரச் சாமிக்குக் கிடைத்த பதவி

காட்டையே ஆட்டிப்படைத்த புலி ஒருவழியாக மலை தாண்டிப் போய்விட்டது. இனி நம்மை நாமே ஆளலாம் என்று மிருகங்களும் பறவைகளும் கூடிச் சட்டம் எழுத உட்கார்ந்தன. காட்டுப்பன்றி தலைவராயிற்று. சட்டத்தை இரண்டு முறை சபையில் வாசிப்பது, இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

முதல் வாசிப்பிலேயே இருவாச்சிப் பறவை எழுந்தது. அது பெரிய அத்திமரத்தின் பொந்தில் குடியிருந்தது. அந்த மரம்தான் அதற்குச் சாமி. தினமும் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பழத்தில் அலகு வைக்கும். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் புத்தியில்தான்.

"முதல் வரி இப்படி இருக்கட்டும்! அத்திமரச் சாமியே இந்தக் காட்டின் சாமி. அவரைக் காப்பது அரசின் கடமை!"

"நாங்க சுனையைக் கும்பிடறவங்க. எங்க கதி?" என்றது நீர்நாய்.

"தாராளமா கும்பிடுங்க! யாரு வேண்டாம்னா? ஒரே ஒரு வரிதானே!"

அத்திமரத்தைக் கும்பிடுகிறவர்களே அங்கே அதிகம். வரி நிறைவேறியது. பன்றி இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி ஆதரித்தது. அது எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. கீழே விழுந்த அத்திப்பழத்தைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இருவாச்சி துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தது. அதன் மனைவி பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு குஞ்சோடு உள்ளே இருந்தது. அந்த இனத்தின் வழக்கமே அதுதான். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் இருவருக்கும் சாப்பாடு.

"நம்ம சாமி இப்போ அரசாங்கச் சாமி!"

"அப்படியா? அவர் கேட்டாரா?" என்றது மனைவி.

மறுநாள் காலை கிளைக்குக் கிளை பன்றி அனுப்பிய கருமந்திகள் காவல் நின்றன. சாமி அரசுடையது என்றால் சாமியின் பழமும் அரசுடையதுதானே! அந்தக் கோடையில் காட்டில் வேறெந்த மரமும் பழுக்கவில்லை.

"யாரும் தொடக் கூடாது! சாமி சொத்து!" என்றது ஒரு மந்தி.

"உன் வாயிலே என்ன?" என்றது இருவாச்சி.

"பிரசாதம்!"

இருவாச்சி பன்றியிடம் ஓடியது. "தலைவரே, பெண்டாட்டியும் குஞ்சும் பட்டினி. ரெண்டே ரெண்டு பழம்!"

"சாமி சம்மதிக்கலையே!"

"உங்ககிட்டே சொன்னாரா?"

"வேற யார்கிட்டே சொல்வார்? சட்டத்தைப் படிச்சுப் பாரு. நீ எழுதின வரிதான்!"

"நான் தினமும் மூணு சுத்து சுத்தறவன்!"

"அதுக்கும் இனிமே அனுமதி வாங்கணும்" என்றது பன்றி.

இருவாச்சி நான்கு நாள் அலைந்து, கிடைத்த புழு பூச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அது போதவில்லை. பொந்துக்குள் குஞ்சின் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

"சாமிக்கே வேலை வாங்கிக் கொடுத்தீங்க. எனக்கு ஒரு பழம் வாங்கித் தர முடியலையே!" என்றது மனைவி.

ஐந்தாம் நாள் இரண்டாம் வாசிப்பு. இருவாச்சி நன்றி சொல்லப் போகிறது என்று சபை காத்திருந்தது.

"அந்த முதல் வரியை அடிச்சிடுங்க!"

"அடப்பாவி! சாமி இல்லைங்கிறியா?" என்று பன்றி கத்தியது.

"சாமி இருக்கார்! அவரை உங்ககிட்டேயிருந்து மீட்கத்தான் கேக்கறேன்!"

முதலில் நீர்நாய் கையைத் தூக்கியது. பழம் கிடைக்காத மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். யார் சாமியிலும் அரசு தலையிடாது, அரசிலும் எந்தச் சாமிக்கும் பதவி கிடையாது என்று புது வரி எழுதப்பட்டது.

எல்லாரும் தூக்கியதைப் பார்த்துவிட்டு, "நானும் முதல்லேருந்து இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்!" என்று பன்றியும் காலைத் தூக்கியது.

இருவாச்சி பழத்தோடு பொந்துக்குப் பறந்தது. முதல் பழத்துக்குக் குஞ்சு அசையவில்லை. இரண்டாவதற்கு வாயைத் திறந்தது. மூன்றாவது பழத்துக்குத்தான் பழையபடி கத்தியது.

ஆட்சியும் வழிபாடும் ஒரே கைக்குப் போனால் பக்தனுக்குச் சாமியும் மிஞ்சாது, சோறும் மிஞ்சாது. ஆகவே நாடு பிறக்கும் நாளிலேயே இரண்டையும் பிரித்து வைத்துவிட வேண்டும்.