சைக்கிளுக்குச் சிவப்பு உண்டா

குருவைத் தேடி வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். மனம் ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிப் பொற்கொடியம்மாளுக்கே அலுத்துப் போயிருந்தது. சிதம்பரநாதன் கேட்டது சைக்கிளைப் பற்றி.

"அம்மா, சைக்கிளுக்குச் சிவப்பு உண்டா?"

மதுரையில் வைகைக்கு வடகரையில், ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன மடம் அது. அம்மாள் சமையற்கட்டில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இன்னைக்குக் கஞ்சி போச்சா ஐயா?"

"ஆட்டோல ஏத்தி அனுப்பியாச்சு."

"பாதி சிந்தியிருக்கும்."

"சிந்திருச்சாம்."

சிதம்பரநாதன் குருவைவிடப் பத்து வயது பெரியவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

தினமும் காலையில் கஞ்சி கொண்டுபோவது அவர் வேலை. பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு வந்து வராந்தாவில் சுருண்டு கிடக்கிறவர்களுக்கான கஞ்சி. சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு கேன் தொங்கும். போகிற வழியில் ஒரு நாலு ரோடு சந்திப்பு. அங்கே சிவப்பு விழுந்தால் சிதம்பரநாதன் நிற்பார்.

சைக்கிள்காரர் சிக்னலில் நிற்பது நம் ஊரில் வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம். பின்னால் இருக்கிற ஆட்டோ ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கும். டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சாமி, தியானத்தை ஓரமா நின்னு பண்ணு சாமி" என்பார். கண்ணெதிரே நாலைந்து சைக்கிள்கள் சிவப்பைச் சட்டை செய்யாமல் வளைந்து வளைந்து போய்விடும். இவர் மட்டும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சாயப் பார்க்கிற பாரத்தை இடுப்பால் தாங்கிக்கொண்டு நிற்பார். மோட்டார் வண்டிக்காரருக்கு நிறுத்துவதும் கிளப்புவதும் கைப்பிடியைத் திருகுகிற வேலை. சைக்கிள்காரருக்கு அது முழங்கால் வேலை. அதுவும் தேய்ந்த முழங்கால்.

ஆனாலும் நின்றார். லைனை அணைத்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்காமல் கம்பத்தில் ஏறாத மனுஷர் அவர். விதி என்றால் விதிதான்.

அப்படிப்பட்டவர் போன வாரம் ஒரு நாள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு சைக்கிளையே தொடவில்லை, கஞ்சி ஆட்டோவில்தான் போனது.

"கேக்குறேன்ல அம்மா? அந்த விளக்கு மோட்டார் வண்டிக்கு வச்சது. பஸ் இடிச்சா ஆளு செத்துப்போறான். சைக்கிள் இடிச்சா வேட்டி கிழியும், அவ்வளவுதான். ரெண்டுக்கும் ஒரே சட்டம்னா என்ன நியாயம்?"

"சரி."

"ரோடு போட்டவன் சைக்கிளுக்குன்னு ஒரு முழம் இடம் விட்டிருக்கானா? இல்ல. இடத்துல பங்கு கிடையாது, சட்டத்துல மட்டும் பங்கா?"

"அதுவும் சரிதான்."

"அப்ப சைக்கிளுக்குச் சிவப்பு இல்லைங்கிறீங்களா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே. அன்னைக்கு என்ன நடந்துச்சு ஐயா?"

சிதம்பரநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சில நாளாகவே அவர் சரியாகத் தூங்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்குத் தூறல். முழங்காலில் வலி. முந்தின நாள் கஞ்சி லேட்டாகி, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பொம்பளை, "எங்களுக்கெல்லாம் பசிக்காதா சாமி?" என்று கேட்டிருந்தாள். சிக்னலுக்கு வந்தால் சிவப்பு. குறுக்கு ரோட்டில், ஸ்டாப்பில் நின்ற ஒரு பஸ்ஸைத் தவிர, ஈ காக்கை இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். காலை ஊன்றாமலே மிதித்துப் போய்விட்டார். எதிர்ப்பக்கம் ஒன்றும் ஆகாமல் போயும் சேர்ந்தார்.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் ரோடெல்லாம் கீரைக்கட்டு. ஒச்சப்பன் என்கிற கீரை வியாபாரி சைக்கிளுக்கு அடியில் கிடந்தான். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்காக நின்றிருந்தது. அந்த பஸ்ஸின் மறைவிலிருந்து வந்த ஆட்டோ. பச்சையில் வந்த ஆட்டோ.

"கால் ரெண்டா ஒடிஞ்சிருச்சு. தூக்கி வண்டியில வச்சப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

"பச்சைதானே விழுந்துச்சு சாமின்னான்."

அரிவாள்மணையில் கை நின்றது. பிறகு மறுபடியும் நறுக்கியது.

"அவன் விளக்கைப் பாக்கணுமா வேண்டாமா அம்மா? என் முதுகையா பாக்குறது? நானா அவன எம் பின்னால வரச் சொன்னேன்?"

"போலீஸ்ல என்ன எழுதியிருக்காங்க?"

சிதம்பரநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பச்சையில போன ஒச்சப்பனை, சிவப்புல வந்த ஆட்டோ இடிச்சுதுன்னு எழுதியிருக்காங்க. ஒச்சப்பன் அப்படித்தான் சொல்லியிருக்கான். சாமி கிளம்புனாருன்னா அது பச்சைதான்னு அடிச்சுச் சொல்லிட்டானாம்."

"உங்களக் கேக்கலியா?"

"வந்தாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ஏட்டே சொல்லிட்டாரு. சாமிய எதுக்குய்யா தொந்தரவு பண்றீங்க, அவரு சிவப்புல போற ஆளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஆட்டோக்காரரு?"

"ஜெயசீலன்னு பேரு. வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சிருக்காங்க. தினமும் வந்து அந்த வாசல்லயே உக்காந்திருக்காரு."

"போய்ப் பாத்தீங்களா?"

"எதிர்ல டீக்கடை வரைக்கும் போனேன். ரெண்டு தடவ."

அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளியது. அம்மாள் கையை ஊன்றி எழுந்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் கஞ்சிய நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. நானும் பின்னாடியே வரேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலியே அம்மா."

"அங்க போய்ச் சொல்றேன்."

மறுநாள் காலை, சமையலுக்கு வரும் இருளாயியின் லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு அம்மாள் கிளம்பினார். சைக்கிள் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சந்து முனை வருவதற்குள் ஒரு தடவை சுவரில் உரசினார், ஒரு நாயைத் துரத்துவது போல் போய் அதனிடமே மன்னிப்பும் கேட்டார். சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சந்திப்பில் சிவப்பு. சிதம்பரநாதன் நின்றார். காலை ஊன்றி, பாரத்தை இடுப்பால் தாங்கி, வழக்கம் போல. கண்ணெதிரே இரண்டு சைக்கிள் விளக்கை மதிக்காமல் போயின.

"பாத்தீங்களா அம்மா? யாரு நிக்கிறா? நான் ஒரு கோட்டிக்காரன் மட்டும்தான்."

பக்கத்தில் வந்து நின்ற அம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"திரும்பிப் பாருங்க ஐயா."

"திரும்பினா கேன் சாஞ்சிரும்."

"நான் புடிச்சுக்கிறேன்."

அம்மாள் எட்டிக் கேரியரைப் பிடித்துக்கொண்டார். சிதம்பரநாதன் திரும்பினார். இத்தனை காலத்தில் அந்த இடத்தில் அவர் திரும்பியதே இல்லை.

பின்னால் ஏழெட்டு சைக்கிள்கள் நின்றன. ஒருவர் கூடையில் பூவை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஒருவர் பால்கேன்காரர். ஒருவர் பேப்பர் போட்டுவிட்டுத் திரும்புகிறவர், ஹேண்டில்பாரில் கையை மடித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தார். இன்னொருவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரு காலை ஊன்றியிருந்தார்கள். ஒருவர்கூட விளக்கைப் பார்க்கவில்லை.

"என்ன சாமி, ஆளையே காணோம்?" என்றார் பூக்காரர். "நீங்க வரலைன்னதும் நாங்களும் பழையபடி பூந்து பூந்துதான் போனோம். நேத்து ஒரு பஸ்காரன் என்னைத் தட்டப் பாத்தான்."

தான் தனியாக நின்றதாகவே சிதம்பரநாதன் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒரு சந்தோஷம் எழுந்தது. அது முழுசாக எழும்புவதற்குள் பால்காரர் பேசினார்.

"அந்த ஆட்டோக்காரனுக்கு நல்லா வேணும் சாமி. நீங்க போறது தெரிஞ்சும் குறுக்க வந்திருக்கான் பாருங்க."

"ஆமா சாமி, சும்மா விடக் கூடாது" என்றார் பீடிக்காரர்.

சிதம்பரநாதன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சை விழுந்தது.

அவருக்குக் கால் எழவில்லை. பெடலில் பாதம் இருந்தது, மிதிக்கத்தான் வரவில்லை. ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிதுங்கிப் போயின. கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தை டமடமவென்று தட்டினார். "சாமி, பச்சைய்யா! பச்சை!" சிதம்பரநாதன் நின்றார். தன்னைச் சுற்றி எல்லாம் நகர்வதும், முதுகுப் பக்கம் மட்டும் ஒரு பெடல்கூடச் சத்தம் போடாமல் இருப்பதும் அவருக்குக் கேட்டது. பூக்காரர் போகவில்லை. பால்காரர் போகவில்லை. பச்சை வந்து போய், மறுபடியும் சிவப்பு விழுந்தது. அவர்கள் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே நின்றார்கள்.

கேரியரைப் பிடித்த கையை அம்மாள் எடுக்கவில்லை.

அடுத்த பச்சையில் சிதம்பரநாதன் மிதித்தார். எல்லாரும் கிளம்பினார்கள். சந்திப்பைத் தாண்டி ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி அவர் சைக்கிளை நிறுத்தினார். மற்றவர்கள் "வரோம் சாமி" என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள்.

"எனக்கு இது வேண்டாம் அம்மா" என்றார். "எம் பின்னால வாங்கன்னு நான் யாரையும் கூப்பிடல."

"கூப்பிடலதான்."

"இனிமே சந்து வழியா போயிடுறேன். அங்க சிக்னல் இல்ல."

"போகலாம்."

"பதிலைச் சொல்லுங்க. சைக்கிளுக்குச் சிவப்பு உண்டா இல்லையா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா இருப்பேன்."

அம்மாள் லேடீஸ் சைக்கிளை மதிலில் சாய்த்தார். சிதம்பரநாதனின் கையிலிருந்து கஞ்சி சைக்கிளை வாங்கிக்கொண்டார். பாரம் ஒரு பக்கம் இழுத்தது. சமாளித்துப் பிடித்தார்.

"கஞ்சிய நான் உருட்டிக்கிட்டுப் போய்க் குடுத்துடறேன். வார்டுல கிடக்கிற ஒச்சப்பனையும் பாத்துட்டு வரேன். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க. வாசல்ல ஜெயசீலன் உக்காந்திருப்பாரு. இந்தக் கேள்விய அவருகிட்டக் கேளுங்க."

சிதம்பரநாதன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். சிக்னலில் சிவப்பும் பச்சையும் தம் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

"போறேன்" என்றார் கடைசியில். "போய்ச் சொல்லிடறேன். ஆனா நம்பமாட்டாங்க அம்மா. ஏட்டு நம்பமாட்டாரு. ஒச்சப்பனே நம்பமாட்டான். ஆட்டோக்காரனக் காப்பாத்துறதுக்குச் சாமி பெரிய மனசு பண்ணிப் பொய் சொல்லுதும்பாங்க. கும்பிட்டு அனுப்பி வச்சிருவாங்க."

அம்மாள் இரண்டடி உருட்டிப் போனவர், நின்று திரும்பினார்.

"நம்புற வரைக்கும் அங்கயே நில்லுங்க ஐயா. உங்களுக்கு நிக்கத் தெரியும்ல."