கணக்கில் வராத சுனை

காட்டோரக் குளம் வற்றிவிட்டது. கொக்குகளும் நாரைகளும் ஏற்கெனவே திசைக்கொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியவை ஒரு நாமக்கோழி, அதன் இரண்டு குஞ்சுகள், ஒரு கிளுவை வாத்து. மலைக்கு அப்பாலுள்ள பெரிய ஏரிக்குப் போய்வந்தது அவற்றில் கிளுவை மட்டும்தான்.

"தம்பி, ஏரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டது நாமக்கோழி.

"உச்சிவேளையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம், அக்கா!"

"வழியில் இறங்க இடம் உண்டா? சின்னவன் இப்போதுதான் பறக்கவே பழகினான்."

"இறங்குவதா! கிளுவையிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரே மூச்சு!"

அது முழுப் பொய்யில்லை. சிறகடித்த நேரத்தை மட்டுமே பயணமாகக் கணக்கிடுவது கிளுவைகளின் வழக்கம். இளைப்பாறியதை வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல்.

நாமக்கோழி நம்பியது. காலை முழுவதும் குஞ்சுகளை மேயவிட்டு, உச்சிவேளையில் கிளுவையோடு கிளம்பியது.

வெயில் தணிந்தது. மலை இன்னும் எட்டத்தில்தான் நின்றது.

"அம்மா, முடியலை!" என்றது சின்னக் குஞ்சு.

கீழே முள்காடு. சின்னவனின் நிழலைத் தொடர்ந்தபடி ஒரு நரி ஓடிவந்துகொண்டிருந்தது.

"தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அலறியது தாய்.

கிளுவைக்குப் பதில் தெரியும். ஆனாலும் ஒரு கணம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் சின்னவன் ஒரு பனை உயரம் கீழே இறங்கிவிட்டான்.

"வலப்பக்கம், அக்கா! அந்தப் பாறைக்குப் பின்னால் சுனை இருக்கிறது!"

நால்வரும் தண்ணீரில் பொத்தென்று விழுந்தார்கள். நரியின் வாயில் சின்னவனின் வாலிறகுகள் மட்டும் மிஞ்சின.

சுனையில் இருந்த தவளை கிளுவையைப் பார்த்ததும் குதித்து வந்தது.

"அடடே, வா ராசா! போன தடவை மூன்று நாள் மல்லாந்து கிடந்தாயே, அந்தப் புல்மெத்தை அப்படியேதான் இருக்கிறது! இந்தத் தடவை குடும்பத்தோடா?"

யாரும் சிரிக்கவில்லை. சின்னவனின் கிழிந்த வாலைக் கோதிக்கொண்டிருந்த நாமக்கோழி தலையைத் தூக்காமலே கேட்டது.

"மூன்று நாளா, தம்பி?"

"அதையெல்லாம் நாங்கள் பயணத்தில் சேர்ப்பதில்லை, அக்கா…"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் கிளுவையின் காதிலேயே விழுந்தது. தொண்டை வறண்டிருந்தும் அது தண்ணீரின் பக்கம் குனியவில்லை.

"மாமா, நீங்க தண்ணி குடிக்கலையா?" என்றது சின்னவன்.

கிளுவை முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"இப்போதாவது சொல். ஏரிக்கு எவ்வளவு நேரம்?" என்றது தாய்.

"சின்னவன் சிறகு தேறட்டும், அக்கா. அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்."

தன் களைப்பை மறைத்துத் தூரம் சொல்பவன், நம்பி வந்தவரை நடுவழியில் தள்ளிவிடுகிறான்.