பிலோமினாவின் குதிகால்

“அவகிட்ட அப்படி என்ன இருக்கு மாஸ்டர், எங்கிட்ட இல்லாதது?”

மங்களேஸ்வரி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பும் அடங்கவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்த கேள்வி வாசலிலேயே வெளியே விழுந்துவிட்டது.

வினோதினி மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருகிட்ட?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே. பிலோமினாகிட்டத்தான்.”

திருச்சியில் ‘முத்துக்குளி ராணி’யை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஓடிய பாட்டு நாடகம் அது. பாட்டெல்லாம் பழையதுதான், ஆட்டம் மட்டும் புதிது. ராணி வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் சலங்கை வைத்திருந்த அத்தனை பேரும் போய் ஆடிக் காட்டினார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருத்தி மங்களேஸ்வரி என்கிற மங்களா. இன்னொருத்தி பிலோமினா. இரண்டு பேரும் வினோதினியிடம்தான் ஆட்டம் கற்கிறார்கள்.

மங்களாவுக்கு முப்பத்தாறு வயது. பாவாடை தாவணி வயதில் தோழி வேஷம் கட்டியவள், இன்றுவரை தோழிதான். எத்தனையோ ராணிகளுக்கு விசிறி வீசியாகிவிட்டது. இந்த வேஷமும் தப்பினால் அடுத்தது அம்மா வேஷம். இது அவளுக்கும் தெரியும், டைரக்டருக்கும் தெரியும், மேக்கப் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

மாஸ்டர் அவளைவிட நாலு வயது சின்னவள். கடைத்தெருவில் பார்த்தால் ‘அக்கா’ என்பாள். வகுப்புக்குள் வந்துவிட்டால் ‘நீ’தான்.

“சொல்லுங்க மாஸ்டர். நான் அவளைவிட அரைமண்டி நல்லா உக்காருவேன். எனக்குத் தாளம் பிசகாது. அவளுக்குப் பாடிக்கிட்டே ஆடினா மூச்சு வாங்குது. ஆனா அவ ஆடறப்ப மட்டும் டைரக்டர் சார் நாற்காலியில நிமிந்து உக்கார்றார்.”

“நீ ஆடறப்ப?”

“டீ குடிக்கிறார்.”

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அவ என்ன பண்றான்னு தெரிஞ்சுக்கணுமா?”

“தெரிஞ்சே ஆகணும்.”

“அப்ப வந்து உக்காந்து பாரு.”

*

அது ஒரு டியூஷன் சென்டரின் மாடி. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் முதல் பாதி பிலோமினாவுக்கு, அடுத்த பாதி மங்களாவுக்கு. கடைசித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது.

மறுநாளே மங்களா சீக்கிரம் வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள்.

பிலோமினாவுக்கு இருபத்துநாலு வயது. ஸ்கூட்டரில் வருவாள். வந்ததும் யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே மங்களாவுக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா, எனக்காக வந்தீங்களா?”

“சும்மா வந்தேன்.”

“பாத்துட்டுத் தப்பு இருந்தா சொல்லுங்கக்கா.”

சொல்லாமலா? அதற்குத்தானே வந்திருக்கிறாள்.

பிலோமினா ஆடினாள். ராணி ஆவதற்கு முன் முத்துக்குளிக்கும் பெண் கடலில் இறங்கும் காட்சி. மங்களா கண்ணை எடுக்கவில்லை. வயிறு எரிந்தது. தான் மாதக்கணக்கில் மெனக்கெட்டும் வராத ஒன்று அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது. அது என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஆட்டம் முடிந்து பிலோமினா கிளம்பினாள். இனி மங்களாவின் நேரம்.

வினோதினி தாளம் போடும் தட்டுக்கழியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஆடறியா?”

“இருங்க மாஸ்டர். முதல்ல இதைச் சொல்லிடறேன், மறந்துடும். சுத்தறதுக்கு முன்னாடி அவ ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கறா. பாத்தீங்களா? கை நீட்டறப்ப சுண்டுவிரல் தனியா நிக்குது. மூச்சை வாயால விடறா.”

“அப்படியா?”

“இன்னும் இருக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் கீழே டியூஷன் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வினோதினி தட்டுக்கழியைப் பைக்குள் வைத்தாள்.

“நாளைக்கு ஆடறேன் மாஸ்டர்.”

“சரி.”

மறுநாளும் அப்படியே போனது. அதற்கு மறுநாள் மங்களா சலங்கையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே பிலோமினாவின் கழுத்து அசைவைப் பற்றி ஆரம்பித்தாள். அரை மணி நேரம் கழித்துச் சலங்கையை அவிழ்த்தாள். நடுவில் அது ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.

வினோதினி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தட்டுக்கழி அவள் மடியிலேயே கிடந்தது.

*

சாயங்காலம் ஒத்திகைக் கொட்டகையில் தோழிப் பெண்களெல்லாம் டீக்குக் கூடுவார்கள். மங்களாவுக்கு அங்கே தனி மவுசு.

“அக்கா, அந்தம்மா எப்படி ஆடுவாங்க? ஆடிக் காட்டுங்கக்கா.”

“எதுக்குடி வம்பு?” என்பாள். டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

பிறகு பிலோமினாவாகவே மாறிவிடுவாள். கண்ணை மூடித் திறப்பாள். சுண்டுவிரலைத் தனியாக நிறுத்துவாள். கடைசியில் இடது குதிகாலைத் தரையில் இழுத்து இழுத்து வைப்பாள். அந்த இடத்தில்தான் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க மங்களாவின் நெஞ்சு கொஞ்சம் ஆறும். வீட்டுக்குப் போவதற்குள் மறுபடியும் எரியத் தொடங்கும். அதனால் அடுத்த நாளும் ஆடிக் காட்டுவாள்.

ஒருநாள் சிரிப்பு சட்டென்று நின்றது. வாசலில் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள்.



“ஐயோ அக்கா, அப்படியே இருக்கு!” என்றாள் பிலோமினா. கைகூடத் தட்டினாள்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மங்களாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

*

குதிகாலை ஏன் அப்படி இழுக்கிறாள் என்பது மட்டும் வெகுநாள் புரியாமல் இருந்தது. ஒரு காலையில் பிலோமினா சலங்கை கட்டும்போது சுடிதாரின் கால் கொஞ்சம் மேலே ஏறியது. கணுக்காலைச் சுற்றி நீளமான தையல் தழும்பு.

மங்களா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை.

“மாஸ்டர், அவ கால்ல பிளேட் வெச்சிருக்கு. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“டைரக்டர் சாருக்கு?”

“தெரியாது.”

“ஊர் ஊரா போய் ஆட வேண்டிய நாடகம். பாதியில கால் மடிஞ்சா யாரு பதில் சொல்றது? சொல்ல வேண்டாமா?”

வினோதினி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உன் நேரம் முடிஞ்சிடுச்சு.”

*

தேர்வு நாளன்று நாடகக் கொட்டகையில் டைரக்டர் தேசிகன், ஆர்மோனியக்காரர், வினோதினி மாஸ்டர் மூன்று பேர்தான் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பிலோமினா ஆடினாள். தேசிகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மங்களா மேடையோரம் நின்று பார்த்தாள். பார்த்தது முகத்தை அல்ல, கையை அல்ல. இடது குதிகாலை மட்டும்தான். இப்போது தடுக்கும், இப்போது தடுக்கும் என்று காத்திருந்தாள். தடுக்கவில்லை.

அடுத்து மங்களா.

ஆடினாள். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அரைமண்டியும் தளரவில்லை. இன்றைக்குத் தேசிகனும் டீயைத் தொடவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். மங்களாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ராணி, ராணி என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

ஆடி முடித்துக் கும்பிட்டாள்.

“கால்ல என்னம்மா அடி?” என்றார் தேசிகன்.

“அடியா? ஒண்ணும் இல்லையே சார்.”

“மறைக்காதீங்க. இடது குதிகாலை இழுத்து இழுத்து வெக்கிறீங்க. பாக்கறப்பவே எனக்கு வலிக்குது. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஊர் ஊரா எப்படி ஆடுவீங்க?”

மங்களா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. டீ நேரத்துச் சிரிப்பெல்லாம் காதுக்குள் கேட்டது.

“சார், இது என் கால் இல்ல.”

“என்னது?”

“இது அவ கால் சார்.” கை தானாக உயர்ந்து மேடையோரத்தைக் காட்டியது. “அவளுக்குத்தான் கால்ல பிளேட் வெச்சிருக்கு. அவதான் இழுத்து வெப்பா. உங்ககிட்ட மறைச்சிட்டா. வேணும்னா காட்டச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டாள். இத்தனை நாளாகத் தொண்டையில் வைத்துக் காத்திருந்த சொல். சொன்னால் இனிக்கும் என்று நினைத்திருந்தாள்.

இனிக்கவில்லை.

பிலோமினா மேடைக்கு வந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. குனிந்து சுடிதாரின் காலைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினாள்.

“நெஜம்தான் சார். காலேஜ் படிக்கறப்ப பஸ் மோதிடுச்சு. இந்தக் கணுக்கால் முழுசா மடங்காது. அதனாலதான் அந்த எடத்துல அலை காலை இழுக்கற மாதிரி ஆட்டத்தை வெச்சுக்கிட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா வேஷம் கிடைக்காதுன்னு பயந்துட்டேன்.”

தேசிகன் தழும்பைப் பார்த்தார். பிலோமினாவைப் பார்த்தார்.

“எனக்குக் காலே தெரியலையேம்மா. அலைதான் தெரிஞ்சுது.”

பிறகு மங்களாவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப உங்க காலுக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்ல சார். நல்ல கால்.”

ஆர்மோனியக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தேசிகன் சிரிக்கவில்லை.

“நல்ல காலை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா இப்படி? சரி. அந்தப் பொண்ணு விஷயத்தை டாக்டர்கிட்ட கேட்டு நான் முடிவு பண்றேன். இன்னும் நான் யாருக்கும் வேஷம் கொடுத்துடல. உங்க ஆட்டத்தை ஆடிக் காட்டுங்க. முதல்லேருந்து.”

மங்களாவுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் இன்னொரு தடவை!

பிலோமினா ஒதுங்கி நின்று இடம் விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க மங்களாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஆர்மோனியம் ஆரம்பித்தது.

மங்களா காலை எடுத்து வைத்தாள். குதிகால் இழுத்தது. நிறுத்தினாள்.

ஆர்மோனியக்காரர் பொறுமையாக மறுபடியும் முதலடிக்கு வந்தார்.

இந்தத் தடவை ஜாக்கிரதையாக, இழுக்காமல் வைத்தாள். கால் சரியாக வந்தது, ஆனால் சுண்டுவிரல் தனியாக நின்றது. அதை மடக்கினாள். சுற்றப் போனாள், கண் மூடித் திறந்தது.

நின்றுவிட்டாள்.

பிலோமினா எங்கே மூச்சு விடுவாள் என்று தெரியும். எங்கே கண்ணைத் திருப்புவாள், எந்த அடியில் கழுத்தைச் சாய்ப்பாள், எல்லாம் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ‘நான் எங்கே மூச்சு விடுவேன்? என் கண் எங்கே போகும்?’

நினைத்து நினைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஆர்மோனியம் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

கடைசியில் மேடை விளிம்புக்கு வந்து, கீழே உட்கார்ந்திருந்த வினோதினியைப் பார்த்துக் கேட்டாள்.

“மாஸ்டர், இந்த எடத்துல நான் எப்படி ஆடுவேன்?”

வினோதினி யோசித்தாள். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தாள்.

“ஞாபகம் இல்லையே. நீ கிளாஸுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு.”